பால்வாடியில் ஏழு பேர்

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் தெருவில் பால் வாங்கப் போனால்கூட எதிரே வருகிறவர்கள் முதலில் என் கழுத்தைப் பார்ப்பார்கள், பிறகுதான் முகத்தை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் சமூகப்பணி படித்த சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்து, என்னைத் தெரிந்த ஒரு முகம்கூட இல்லாத ஊர் எது என்று தேடி விண்ணப்பம் போட்டேன். சிவகாசியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனம் கூப்பிட்டது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடம் ஓடியிருந்த சமயம் அது.

ஓர் அச்சகத்தின் மாடியில் அறை கிடைத்தது. கீழே காலையிலிருந்து ஆப்செட் மெஷின் ஓடும். என் தட்டு, டம்ளர், பாய் எல்லாம் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். வந்த புதிதில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதுவே துணையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மெஷின் நின்றுவிடும். அன்றுதான் அறை எவ்வளவு காலியாக இருக்கிறது என்று தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் கடைக்காரரிடம் சில்லறை கேட்டதுதான் கடைசியாகப் பேசிய பேச்சு என்றாகிவிடும். அதனால் எனக்குக் கொடுத்த வேலை ஞாயிற்றுக்கிழமைகளில்தான் என்று சொன்னபோது உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் முந்தைய வருடம் விபத்து நடந்திருந்தது. ஒரே கிராமத்தைச் சேர்ந்த ஏழு பெண்கள். இரண்டு பேர் அந்த யூனிட்டில் வேலை செய்து உயிர் தப்பியவர்கள். மற்ற ஐந்து பேர் மகளையோ கணவனையோ அக்காவையோ பறிகொடுத்தவர்கள். பத்து ஞாயிற்றுக்கிழமை அவர்களைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசவைக்க வேண்டும். குழு ஆலோசனை என்று இதைத்தான் இரண்டு வருடம் படித்திருந்தேன். இடம், ஊர்ப் பால்வாடி.

படித்த விதிகளை ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போனேன். எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். இங்கே பேசியது வெளியே போகக் கூடாது. யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. குழுவை நடத்துகிறவர் தன் சொந்தக் கதையை உள்ளே கொண்டுவரக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. முதல் நாளே ஒருத்தி, "டீச்சருக்கு வீட்டுக்காரர் என்ன செய்றாக?" என்று கேட்டாள். "இங்கே என்னைப் பற்றிப் பேசக் கூடாதுக்கா, அது விதி" என்றேன். பால்வாடியில் பார்த்ததால் என்னை டீச்சராக்கிவிட்டார்கள். விதி என்றதும் பேசாமல் விட்டுவிட்டார்கள்.

உயிர் தப்பிய இரண்டு பேரில் ஒருத்திக்கு முப்பது வயது இருக்கும். அவளுடைய அம்மா முதல் வாரம் கூடவே வந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "இவளும் எம் மருமகளும் ஒரே ரூம்ல வேலை பாத்தாக, தாயி. மருமக போயிட்டா. இவ வந்துட்டா. பத்து மாசமாச்சு, அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அண்ணேன் வீட்டு வாசல மிதிக்கல. பக்கத்து வீடுதான், ஒரே சுவரு. அந்த ரெண்டு புள்ளைகளும் அயித்த அயித்தன்னு கூப்புடுதுக. இவ காதப் பொத்திக்கிட்டுக் கொல்லைப் பக்கம் போயிருதா. எப்படியாவது பேச வச்சிருங்க."

பத்து வாரத்தில் அவள் பேச வேண்டும். அந்த வீட்டு வாசலை அவள் தாண்ட வேண்டும். நிறுவனத்தின் கோப்பில் நோக்கங்கள் என்று என்னென்னவோ எழுதியிருந்தது. எனக்கு இருந்த நோக்கம் இது ஒன்றுதான்.

முதல் நாள் பேச உட்கார்ந்ததும் ஜன்னலில் பிள்ளைகள் தொற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ரகசியம் காக்க வேண்டுமே! ஜன்னல்களைச் சாத்தினேன். கதவைச் சாத்தினேன். பிள்ளைகள் தள்ளித் திறக்காமலிருக்க ஒரு பெஞ்சை இழுத்துக் கதவோடு சேர்த்துப் போட்டேன். பாயை நடுவில் விரித்து வட்டமாக உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்கள். அரை மணி நேரத்தில் வட்டம் எப்படியோ நகர்ந்து நகர்ந்து கதவைப் பார்த்த ஒரு கோடாகிவிட்டது. முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஒருத்தி எழுந்தாள். அவள் போய் வந்ததும் இன்னொருத்தி. என்ன கேட்டாலும், "நல்லாருக்கோம் டீச்சர்", "ஒண்ணுமில்ல டீச்சர்" என்ற பதில்தான்.

இரண்டாவது வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் அந்த முப்பது வயதுப் பெண் உட்காரவே இல்லை, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழு பேச மறுப்பதற்குப் புத்தகத்தில் எதிர்ப்பு என்று ஒரு சொல் உண்டு. பக்கம் பக்கமாக அதைத்தான் எழுதிவைத்தேன். நான்காவது வாரம் எனக்குக் கோபமே வந்துவிட்டது. எனக்குக் கோபம் சட்டென்று வரும், இன்றைக்கும் அப்படித்தான். "ரெண்டு பஸ் மாறி வர்றேன். நான் வர்றது உங்களுக்காகத்தானே? வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிட்டு வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மகளைப் பறிகொடுத்திருந்த அக்கா, அந்த ஏழு பேரில் மூத்தவர், "கோவிச்சுக்கிடாதீக டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. உக்கிரமான ஆடிக் காற்று வெளியே அடித்துக்கொண்டிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அன்றைக்கு உயிர் தப்பிய இன்னொரு பெண் வரவில்லை. அவள் வேறொரு கம்பெனியில் வேலைக்குத் திரும்பியிருந்தாள். சீசன் நெருங்கியதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அவளை இரண்டு மணி நேரம் விடச் சொல்லிக் கேட்கலாம் என்று வார நாளில் அந்தக் கம்பெனிக்குப் போனேன். காய்ந்த காட்டுக்கு நடுவில் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சின்னச் சின்ன அறைகள். போர்மேன் என்னை அழைத்துக்கொண்டு போனார். ஓர் அறைக்கு நாலு பக்கமும் கதவு. நாலும் அகலத் திறந்து கிடந்தன. உள்ளே நாலு பெண்கள், ஒவ்வொருத்தியும் ஒரு கதவை ஒட்டி. நான் தேடி வந்தவளும் அதில் ஒருத்தி. அவளைப் பார்த்த சந்தோஷத்தில் விறுவிறுவென்று போய் வாசல்படியில் காலை வைத்தேன்.

நாலு பேர் கையும் அப்படியே நின்றது. "அங்கன நிக்காதீக! வெளிய வாங்க, வெளிய வாங்க!" என்று போர்மேன் கத்தினார். பதறிப்போய் இறங்கினேன்.

"ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல கூடாதும்மா" என்றார், கொஞ்சம் தணிந்து. "வாசல மறிச்சு நிக்கவே கூடாது. ஒண்ணு ஆச்சுன்னா அவுக எதுல ஓடுவாக?"

வெயிலில் அப்படியே நின்றேன். எட்டுப் பேரை ஒரே அறையில் போட்டு, ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, அதற்கு மேல் பெஞ்சையும் இழுத்துப் போட்டு, மனசைத் திறந்து பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதுவும் யாரிடம்! நெருப்பிலிருந்து ஓடி வந்தவளிடம். நாலு ஞாயிற்றுக்கிழமை. அந்த நோட்டைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது.

சாயங்காலமே கிராமத்துக்குப் போய் மூத்த அக்காவிடம் கேட்டேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. கதவைத் திறங்கன்னு சொன்னா திறந்திருக்க மாட்டேனா?"

"நீங்க படிச்சவுக. சாத்துறதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு இருந்துட்டோம்" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை. அறைக்கு வந்து அழுதேன்.

ஐந்தாவது வாரம் பால்வாடிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். போர்மேன் இரண்டு மணி நேரம் விட்டதால் கம்பெனிக்குப் போகிறவளும் வந்திருந்தாள். அவரவர் இடத்தை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். கோணல்மாணலாக ஒரு வட்டம் வந்தது. ரகசியத்துக்கு என்ன செய்வது என்று நான் முழித்தபோது, மூத்த அக்கா பாதையோரம் போய் நின்று, "ஏ, இங்கன பொம்பளைக பேசுதோம், அங்குட்டுப் போங்க" என்று ஒரு சத்தம் போட்டார். அதோடு சரி, ஒரு குஞ்சு வரவில்லை. அன்றைக்கு மூன்று பேர் பேசினார்கள். ஆறாவது வாரம் எல்லோரும் பேசினார்கள், அந்த முப்பது வயதுப் பெண்ணைத் தவிர. அவள் வட்டத்தின் ஓரத்தில், பாதி உடம்பைக் காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏழாவது வாரம் யாரும் கேட்காமலே ஆரம்பித்தாள். ஆடு மேய்கிற பக்கம் பார்த்துக்கொண்டுதான் பேசினாள்.

"சத்தம் கேட்டா ஓடணும். திரும்பிப் பாக்கக் கூடாது. யாரையும் புடிச்சு இழுக்கக் கூடாது. வேலைக்குச் சேந்த அன்னைக்கே சொல்லித் தந்தாக. நான் அப்படியே ஓடுனேன். கெணத்து மேட்டுக்குப் போய் நின்னேன். அங்கன போன பெறகுதான், எனக்கு மதினின்னு ஒருத்தி பக்கத்துல இருந்தாளேன்னு நெனப்பே வந்துச்சு. ஒரு வார்த்தை கூப்புடல. மதினி வான்னு ஒரு வார்த்தை." பிறகு முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க டீச்சர். நான் செஞ்சது தப்பா?"

தப்பில்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. எழுந்துபோய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் நடத்துகிறவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, கேள்வியைக் குழுவிடமே விட வேண்டும் என்று படித்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு மற்ற ஆறு பேரையும் பார்த்தேன். நான் செய்த காரியங்களில் அது ஒன்றுதான் சரியாக வந்தது.

மூத்த அக்கா பேசினார். "எம்மக ஓடல. பக்கத்து ரூம்ல உள்ளவளக் கூப்பிடத் திரும்பியிருக்கா. இந்தா இருக்காளே, இவதான் பாத்து வந்து சொன்னா." உயிர் தப்பிய இன்னொரு பெண்ணைக் கைகாட்டினார். அவள் தலையை ஆட்டினாள். "ஊரே எம்மகளப் புகழுது. எனக்கு அந்தப் புகழ் எதுக்கு? பாவி மக, நீயும் ஓடியிருக்கக் கூடாதான்னுதான் நெதமும் கேக்கேன். ஒன்ன எங்க கண்டாலும், இவ ஓடுன மாதிரி எம் புள்ள ஓடலையேன்னுதாம்மா தோணும். நீ ஓடுனதுதான் சரி. நீ ஓடுனதுதான் சரி."

அவள் உடைந்து அழுதாள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை. அந்த அக்கா தரையிலேயே நகர்ந்து போய், அவள் முழங்காலோடு தன் முழங்கால் படுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

எட்டாவது வாரம் முடிந்து எழுந்திருக்கும்போது அந்த முப்பது வயதுப் பெண் கேட்டாள், "டீச்சர், நாங்க ஒங்ககிட்ட பேசுதோம். நீங்க யாருகிட்ட பேசுவீக?" சிரித்துக்கொண்டே, "இது உங்க நேரம்மா" என்றேன். அவர்கள் ஏழு பேரும் ஒன்றாக ஊருக்குள் நடந்து போனார்கள். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்கள். நான் பால்வாடிச் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றேன்.

பத்தாவது ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் யாரும் இல்லை. ஊருக்குள் தேடிக்கொண்டு போனேன். அவளுடைய அண்ணன் வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. மதினிக்கு வருசத் தெவசம். பந்தல்கூடப் போடவில்லை, எளிமையான காரியம்தான். மற்ற ஆறு பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருத்தி காய் நறுக்க, ஒருத்தி தண்ணீர் சுமக்க, மூத்த அக்கா சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து அந்தப் பெண் வெளியே வந்தாள். இடுப்பில் மதினியின் சின்னப் பிள்ளை. கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.

இனி இவர்களுக்கு நான் வேண்டாம் என்று தெரிந்துவிட்டது. அதுதான் இந்த வேலை நன்றாக முடிந்ததற்கு அடையாளம் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படித்தபோது வலிக்கவில்லை.

"வாங்க டீச்சர்" என்றாள். "சாப்புட்டீகளா?"

"சாப்பிட்டேன்" என்றேன்.

காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஆலோசனைக்கு வருகிறவர்கள் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தப் பாயில் உட்கார்ந்து, எனக்கு ஓர் இலை போட்டு, யாராவது இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். பதினோரு மாதத்தையும் கொட்டியிருப்பேன்.

அவள் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஊர்ப் பக்கம் இப்படி வாசலோடு யாரையும் அனுப்ப மாட்டார்கள். கையைப் பிடித்து இழுப்பார்கள், பையைப் பிடுங்கி உள்ளே வைப்பார்கள், சாப்பிடாமல் போனால் பேச்சே இல்லை என்று சண்டைக்கு வருவார்கள். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். ஒரே ஒரு தடவை இழுத்திருந்தால் போதும். ஆனால் ஒருத்தர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும் என்று பத்து வாரமாக அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவளே நான்தானே.

"சரி டீச்சர்" என்றாள், மரியாதையாக. "ஒங்க இஷ்டம்."

பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும், யாராவது கூப்பிட வருகிறார்களா என்று அந்தத் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.