ஊசி ரிஜிஸ்டரில் ஒட்டிய பேன்

போன வாரம் ஒரு பூச்சிக்குத் தப்பான பேர் எழுதிவிட்டேன். ஒரு பெண்ணின் வேலையே போகப் பார்த்தது.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நான் பேக்கிங் செக்கர். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தையல் ஊசி உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கி, செலோ டேப் போட்டு ரிஜிஸ்டரில் ஒட்டி, எந்த டேபிள் என்று எழுத வேண்டும். பெட்டிக்குள் வேறு எது கிடைத்தாலும் அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை, நாலாம் டேபிளிலிருந்து வந்த ஓர் அட்டைப்பெட்டிக்குள் எள்ளைவிடச் சின்னதாக, வெளுத்த பூச்சி ஒன்று ஓடியது. ஒட்டினேன். ‘பேன் – 1, நாலாம் டேபிள்’ என்று எழுதினேன்.

நாலாம் டேபிள் என்றால் சுகுணா. இடுப்புவரை முடி.

மேனேஜர் பார்த்துவிட்டார். “பையர் சரக்கு பாக்க வர்ற நேரத்துல இன்னாம்மா இது? தலையில வளர்த்து பெட்டியில விட்றியா? நாளையிலேர்ந்து வராத.”

சுகுணா என்னைப் பார்த்தாள். நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன்.

நல்லவேளை, கம்பெனிக்குப் பூச்சிமருந்து அடிப்பவர் அன்று வந்திருந்தார். எந்தப் பூச்சி என்று தெரியாமல் மருந்தைத் தொடாத மனிதர். ரிஜிஸ்டரில் ஒட்டியிருந்ததை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“பேன்னு எழுதினது யாரு?”

“நான்தான் சார்...”

“மீசையைப் பாருங்கம்மா. நூல் மாதிரி எவ்ளோ நீளம்! தலைப்பேனுக்குக் குட்டையா இருக்கும். காலு நுனியில முடியப் பிடிக்கப் பெரிய கொக்கி இருக்கும். இதுக்கு எங்க? இது புத்தகப் பேன். ஈர அட்டையில பூசணம் தின்னும். மனுசன் தலைக்கு வராது. ரெண்டும் தூரத்துச் சொந்தம், அவ்ளோதான்.”

மேனேஜர் நம்பவில்லை. “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்யா தெரியுது.”

“பக்கத்துல ஒரு நிஜப் பேன் வெச்சாத் தெரியும் சார்.”

சுகுணா பின்னலை அவிழ்த்தாள். யாரோ பேன் சீப்பு கொடுத்தார்கள். ஷூ சுற்றும் வெள்ளைத் தாளை விரித்து வாரினாள்... வாரிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் விழவில்லை.

பிறகு சீப்பை என்னிடம் நீட்டினாள். “நீங்களும் ஒரு தபா வாருங்கக்கா. எழுதுறவங்க தலையில இன்னா இருக்குன்னு பாக்கலாம்.”

வாரினேன். விழுந்தது. ஒன்றல்ல... இரண்டு!

இந்த வயதில், என் தலையிலா?

லென்ஸில் பார்த்தேன். குட்டை மீசை. ஒவ்வொரு காலிலும் கொக்கி. வழவழப்பான தாளில் பிடி கிடைக்காமல் தத்தளித்தன. மேனேஜரும் குனிந்தார். ரிஜிஸ்டரில் இருந்ததையும் தாளில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். நிமிர்ந்து, “அந்த ஈரச் சுவரு ஓரம் அடுக்கின பெட்டியெல்லாம் வெளிய எடுங்க” என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, “சுகுணா, நீ டேபிளுக்குப் போம்மா.”

கண்ணுக்குத் தெரியாத மீசையை நான் பார்க்கவில்லை. சரி. கண்ணுக்குத் தெரிந்த சுகுணாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

பழைய வரியை அடித்துத் திருத்தினேன். சுகுணாதான் டேப்பைக் கிழித்துக் கொடுத்தாள். கீழே புதிதாக எழுதினேன்: ‘பேன் – 2, செக்கர்.’