வயிற்றுக்குள் எட்டிப் பார்த்த நாள்

நாற்பத்தொரு வயதில் எனக்கு விசேஷம் என்று ஆசிரியர் அறையில் முதலில் கிளப்பிவிட்டது யாரென்று இன்றுவரை தெரியாது. புடவைக் கொசுவம் நிற்காத அளவுக்கு வயிறு உப்பியிருந்தது. கை கால்களோ இளைத்துக்கொண்டே போயின. மாலையானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும்.

அப்போது சாந்தோமில் கணக்கு டீச்சராக இருந்தேன். வெறும் வாயு என்று நானே முடிவுகட்டி, ஓமத் தண்ணீர் குடித்தே இரண்டு மாதத்தை ஓட்டினேன். இதைப் படிக்கும் நீங்களும் அப்படி ஓட்டிக்கொண்டிருந்தால், தயவுசெய்து நாளைக்கே டாக்டரைப் பாருங்கள்.

தி. நகரில் ஒரு நர்சிங்ஹோமில் ஸ்கேன் எடுத்தார்கள். அசைட்டிஸ் (வயிற்றுக்குள் நீர் கோத்துக்கொள்வது) என்றார் அங்கிருந்த டாக்டர். பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என் கணவர் அருளிடம் தனியாகப் பேசினார். அருள் வெளியே வந்து, "ஒண்ணுமில்ல ஸ்டெல்லா, தண்ணி சேர்ந்திருக்கு, அவ்ளோதான்" என்றார். அதைச் சொல்வதற்கு முன் முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். கிரிக்கெட் நடக்கும்போது டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் அருள், நான் கேட்காமலே குறைத்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னைக் கலங்கடித்தவர் பிலோமினா அக்காதான்.

அக்கா என் நாத்தனார், அருளுக்கு மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கே.கே. நகரிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். கல்யாணமான நாளிலிருந்து என் மீன்குழம்பில் குறை கண்டுபிடிக்காமல் அவர் கை கழுவியதில்லை. அந்த ஞாயிறு தட்டைப் பார்த்தபடியே, "நல்லா கீது ஸ்டெல்லா, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

எனக்குக் கேன்சர் என்று அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

மகள் அந்த வருடம் பத்தாவது. அவள் பரீட்சை எழுதி முடிக்கும்வரையாவது இருக்கவேண்டும் என்று மாதாவிடம் பேரம் பேசினேன். வீட்டில் எல்லோரும் ஒன்றுமில்லை என்று நடித்தார்கள், நானும் தெரியாதவளாக நடித்தேன். அதனால் யாரிடமும் அழ முடியவில்லை. அடையாறு பஸ் கடந்து போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அங்கே இருப்பது கேன்சர் ஆஸ்பத்திரி என்று சென்னையில் எல்லோருக்கும் தெரியும்.

வயிற்றைத் திறந்துதான் பார்க்கவேண்டும் என்று நர்சிங்ஹோமில் சொல்லிவிட்டார்கள். அறுவை சிகிச்சை செய்யவிருந்த டாக்டரிடம் போனபோது, எனக்குப் பொறுமை போய்விட்டது. "டாக்டர், கேன்சர்தானே?" என்று கேட்டேன். அவர் அருளைப் பார்த்தார். அருள் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். வயித்தப் பெரிசா திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ எட்டிப் பாத்துடலாம்."

அவர் சொன்னது லேப்ராஸ்கோப்பி (தொப்புளருகே சிறு துளையிட்டு, கேமரா பொருத்திய குழாயால் உள்ளே பார்ப்பது). நகரத்தில் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. அவ்வளவு சின்னத் துளை வழியாக என்ன தெரியும் என்று எனக்குச் சந்தேகம். ஆனாலும் வயிறு வீங்கியதிலிருந்து என் முகத்தைப் பார்த்து உண்மை பேசிய முதல் மனிதர் அவர். சம்மதித்தேன்.

மயக்கம் தெளிந்தபோது வயிற்றைவிடத் தோள்தான் அதிகம் வலித்தது. உள்ளே பார்க்க வசதியாக வயிற்றை உப்பவைத்த வாயுவால் அப்படி வலிக்கும், இரண்டு நாளில் போய்விடும் என்றார் டாக்டர். பெரிடோனியம் (குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வு) முழுக்க ரவையை இறைத்ததுபோல வெள்ளைப் பொட்டுகள் இருந்தனவாம். பெரிய கட்டி எதுவும் இல்லை. "பாத்தா டி.பி. மாதிரி இருக்கு. ஆனா பயாப்சி (சதைத் துணுக்கைச் சோதிப்பது) வராம நான் சொல்லமாட்டேன்" என்றார்.

டி.பி. என்றே முடிவு வந்தது. அருள் வராந்தாவில் ஓடிவந்து, "ஸ்டெல்லா, டி.பி.தானாம்! வெறும் டி.பி.!" என்று கத்தினார். பெஞ்சில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பயந்துபோய் எழுந்து தள்ளி உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். நுரையீரலில் நோய் இல்லை, அடுத்தவருக்குத் தொற்றாது, மாத்திரையை மட்டும் பாதியில் நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அந்த மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்பதையும் முன்கூட்டியே சொன்னார். இல்லாவிட்டால் அதைப் பார்த்தே செத்திருப்பேன்.

பெரிதாகத் திறப்பதற்கு முன் எட்டிப் பார்க்கலாம் என்று தோன்றிய அந்த மனிதருக்கு என் ஜெபத்தில் இன்றும் இடம் உண்டு. அவர் போட்ட தையலின் தழும்பு இப்போது தேடினால்தான் தெரிகிறது. அப்போது காய்ச்சல் அடித்த மாலை நேரம் ஆனால், இன்றும் எந்த வேலையில் இருந்தாலும் என் கை தானாக வயிற்றுக்குப் போகிறது. முன்பெல்லாம் எனக்கு வயிறு இருப்பதே பசித்தால்தான் ஞாபகம் வரும்.

காய்ச்சல் நின்று பசி திரும்பிய பிறகு, ஒரு ஞாயிறு நானே மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். பிலோமினா அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா ஸ்டெல்லா இது? புளிய இப்டி கரைச்சு ஊத்தி வச்சிருக்க, வாய்ல வைக்க முடியல!"

அருள் பயந்துபோய் என்னைப் பார்த்தார். பயாப்சி முடிவைக் கேட்டபோதுகூட எனக்கு இவ்வளவு தைரியம் வந்ததில்லை. நான் பிழைத்துவிட்டேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழம கொறைச்சுப் போடறேன்க்கா" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் பேசி எத்தனை காலமாகிவிட்டது என்று, அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றும்போதுதான் உறைத்தது.