கார்கோவில் வந்த பைக்

என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில், பழைய கார்களைப் பிரித்து விற்கும் யார்டில் வேலை பார்க்கிறார். கல்யாணமான நாலாம் மாதம் போனவர். அங்கே ஒரு பழைய ஜப்பான் பைக்கை வாங்கித் தானே சரிசெய்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் வீடியோ காலில் அதைக் காட்டி, “ஊருக்கு அனுப்புறேன் புள்ள. நான் வந்ததும் ரெண்டு பேரும் இதுலதான் சுத்துறோம்” என்றார்.

முழு வண்டியாகக் கொண்டுவந்தால் வண்டி விலையைவிட வரி அதிகம். அனுமதியும் லேசில் கிடைக்காது. அதனால் கழற்றி, பழைய உதிரிபாகம் என்று சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் கார்கோவில் போட்டார்.

கீழக்கரைக்கு முதலில் வந்தது சீட். அவர் உடுத்திய கைலியில் சுற்றியிருந்தது. கிரீஸும் வியர்வையுமாக அவர் வாசம். துவைக்கப் போடச் சொன்ன மாமியிடம் நான் கொடுக்கவில்லை. பிறகு டேங்க், சக்கரங்கள், ஹேண்டில்பார். எல்லாவற்றையும் கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். ஹேண்டில்பாரில் வலதுகைப் பிடி மட்டும் தேய்ந்திருந்தது. தனியாக இருக்கும்போது அந்தத் தேய்மானத்தில் என் விரல்களை வைத்துப் பார்ப்பேன்.

ராமநாதபுரத்திலிருந்து வந்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். “எஞ்சின் வந்தா மாட்டிரலாம்க்கா. ஆனா ஆர்சி கெடைக்காது. ரோட்டுல எடுத்தா புடிச்சிருவாக.”

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். “மொதல்ல வரட்டும், பொறவு பாத்துக்கலாம்” என்றார்.

எஞ்சினும் சேஸிஸும் ஒரே பெட்டியில் வந்தன. துறைமுகத்தில் திறந்து பார்த்தவர்கள், இது உதிரிபாகமில்லை, வண்டியேதான் என்று பறிமுதல் செய்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி போனில் அதையே சொல்லிப் புலம்பினார்.

“எனக்கு வண்டி வேணாம் மச்சான். நீங்க வாங்க.”

“வண்டியில ஒன்னைய ஏத்திக்கிட்டுப் போவணும்னு இருந்தேன் புள்ள.”

“பஸ்ல வந்து எறங்குனா கதவத் தொறக்க மாட்டேனா?”

அதற்குத்தான் சிரித்தார்.

பெருநாளுக்கு வந்தார். அறைக்குள் நுழைந்ததும் டேங்கைத் தடவிவிட்டுத் திரும்பிக்கொண்டார். மறுவாரமே எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் தள்ளிவிட்டார். தனுஷ்கோடிக்குப் பஸ்ஸில் போனோம். ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தார். பாம்பன் பாலத்தில் காற்று என் முக்காட்டை இழுக்க, அதன் நுனியை ராமேஸ்வரம் வரும்வரை அவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

விடுப்பு முடிந்து போய்விட்டார். இப்போதும் கார்கோ வேன் எங்கள் தெருவில் திரும்பினால் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். எங்களுக்கு எதுவும் இருக்காது என்று தெரியும்.