டேப் அக்கா வீட்டு மெத்தை

அந்தக் கட்டடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அளவெடுக்கும் டேப்பைத் தூங்கும்போதுகூடக் கழுத்திலிருந்து கழற்ற மாட்டாள் என்று யாரோ கேலி செய்யப்போய், டேப் அக்கா என்றே நிலைத்துவிட்டது. முதல் மாடியில் இரண்டு அறை வீடு. வாசலை ஒட்டிய அறையில் தையல் மெஷினும் துணி வெட்டும் மேஜையும் இருந்தன. உள்ளறையில் ஜன்னலோரமாகக் கணவரின் கட்டில்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் லிஃப்ட் குழிக்குள் ஏணி சறுக்கி இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது. ஆனால் இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை. சிறுநீர் பிரிவதே அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு அனுப்பினார்கள். இரண்டு முறை அதனால் காய்ச்சல் வந்து படுத்தியதும் அதையும் எடுத்துவிட்டார்கள். அப்புறம் ஈரம் உறிஞ்சும் பேட்தான். எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் ஓரத்தில் கசியும். ரப்பர் ஷீட் விரித்துப் பார்த்தாள். வியர்வையில் முதுகுத்தோல் உரிந்து புண்ணானது. ஷீட்டைச் சுருட்டிப் பரணில் போட்டாள்.

வீட்டில் வாடை அடிக்கிறது என்பது முதலில் அவளுக்கே தெரியவில்லை. அலுவலகம் போகும் ஒரு பெண், தைத்து வாங்கிப்போன சட்டையை நான்காம் நாள் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"தையல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா துணியில ஒரு மாதிரி வாடை வருது. ரெண்டு தடவை துவைச்சுட்டேன்."

"மெஷின் எண்ணெயா இருக்கும்மா," என்றாள் டேப் அக்கா. அந்தப் பெண் படியிறங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு சட்டையை முகர்ந்து பார்த்தாள். உள்ளறைக்குப் போய் மெத்தையை முகர்ந்தாள், அதே வாடை.

அன்றிலிருந்து தையலுக்குச் சமமாக வாடையைப் போக்குவதும் ஒரு வேலையாயிற்று. வழி சொல்ல ஆளுக்கா பஞ்சம்? மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனார்தான் முதலில் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணி, இத பாருங்க. சமையல் சோடாவைத் தூவி, மேல வினிகரை ஊத்தணும். நுரை பொங்கும். அழுக்கு, நாத்தம் எல்லாம் அந்த நுரையோட வெளிய வந்துடும்."

அவரை நாற்காலிக்கு மாற்றிவிட்டு இருவருமாக ஊற்றினார்கள். மெத்தை புசுபுசுவென்று பொங்கியது. அவர்கூடக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டா மெத்தை வெந்துடும்போல," என்றார்.

மூன்று நாள் ஊறுகாய் ஜாடிக்குள் குடியிருப்பது போலிருந்தது. நான்காம் நாள் பழைய வாடை எழுந்து உட்கார்ந்துகொண்டது. மேல்மாடியில் குடியிருந்த வேதியியல் டீச்சர் விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒண்ணு அமிலம், ஒண்ணு காரம். ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுட்டு வெறும் உப்புத் தண்ணியாயிடும். நீ மெத்தைக்கு உப்புத் தண்ணி ஊத்தி வச்சிருக்கே."

"நுரை வந்துச்சே டீச்சர்?"

"நுரை வரும். பார்க்கறதுக்குத்தான் அது."

ஆனாலும் அவளால் விட முடியவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்த்தாள். கட்டிலுக்கடியில் கிண்ணம் கிண்ணமாகக் காப்பித்தூள் வைத்தாள். ஷாம்பு கரைத்த தண்ணீரை ஊற்றித் தேய்த்ததில் மேலே இருந்தது உள்ளே இறங்கியதுதான் மிச்சம். சென்ட் அடித்தாள். அதற்கு அந்த வாடையே தேவலை என்றாகிவிட்டது. ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் கட்டிலைச் சுற்றித் தரையிலும் மெத்தை ஓரத்திலும் பிளீச்சிங் தண்ணீரைக் கொட்டினாள். மூத்திரத்தோடு சேர்ந்து அது கிளப்பிய நெடியில் கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. எழுந்து ஓட முடியாத மனிதர் படுத்தபடியே இருமி இருமிச் சிவந்துபோனார். ஜன்னலைத் திறந்துவிட்டு, துணி வெட்டும் அட்டையை எடுத்து அழுதுகொண்டே விசிறினாள்.

"நாத்தத்தை ஒழிக்கறேன்னு என்னை ஒழிச்சுடாதே," என்றார், மூச்சு திரும்பியதும். சிரிக்கத்தான் பார்த்தார்.

கடைசியில் மெத்தைக்கடைக்காரரையே அழைத்து வந்தாள். அவர் ஓரத்தில் பிளேடால் கீறி உள்ளே காட்டினார். அடிவரை பழுப்பேறிக் கிடந்தது.

"இதுக்கு மேல எதைத் தூவினாலும் மேலயே நிக்கும்மா. மாத்துறதுதான் வழி. புதுசுக்கு அடியில ரப்பர், மேல கெட்டிப் பருத்தித் துணின்னு ரெண்டு உறை தைச்சுப் போடுங்க. ஈரமானா உடனே உருவித் துவைச்சுடணும். நாலு செட் வேணும்."

நான்கு செட் உறை தைப்பது அவளுக்கு ஒரு மத்தியான வேலை. புது மெத்தையும் ஆறு மாதத்தில் இப்படித்தான் ஆகும் என்று நினைத்தாள். இன்னும் ஒரே ஒரு வழி பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். தள்ளிப்போட்டாள்.

அதற்குள் வாடிக்கைக்காரர்கள் படியோடு நின்றுவிட்டார்கள். "உள்ள வரலைக்கா, அவசரமா போறேன்" என்று துணியை நீட்டினார்கள். பிறகு அந்த அவசரக்காரர்களும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் ஒரு பை நிறைய அடுப்புக்கரியோடு வந்தாள். கரி வாடையை உறிஞ்சிவிடுமாம். தையல் அறையில் உட்கார்ந்து, இருவரும் கரியைத் துண்டுத் துணிகளில் சிறு சிறு மூட்டையாகக் கட்டினார்கள்.

"எவ்வளவுதான் அண்ணி செய்வீங்க நீங்களும்," என்றாள் நாத்தனார்.

"என்ன பண்றது? உங்கண்ணன் குடிக்கிற தண்ணி அவருக்கா போகுது? எல்லாம் மெத்தைக்குத்தான். அதுக்குத்தான் தாகம் அதிகம்."

நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள். அவளும் சிரித்தாள். பல நாள் கழித்து வந்த சிரிப்பு, அடக்க முடியவில்லை. உள்ளறைக் கதவு ஒருக்களித்துத்தான் கிடந்தது.

அடுத்த வாரமே கரி வேலை செய்வது போலத் தெரிந்தது. மெத்தை காய்ந்திருந்தது. பேட் பாதிகூட நனையவில்லை. டீச்சரைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா?" என்றாள். ஆனால் ஈரம் குறைந்தாலும் வாடை குறையவில்லை. முன்னைவிடக் காரமாக மூக்கைக் குத்தியது. பழசெல்லாம் கரியில் ஏறி வெளியே வருகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு நாள் கீழ்வீட்டுப் பெண் மாடிப்படியில் மறித்தாள். "தினமும் உங்க ஜன்னல்லேர்ந்து தண்ணி ஊத்துறீங்க. என் கொடியில காயற துணியெல்லாம் நனையுது."

"நாங்க எதுக்கு ஊத்துறோம்? மேல்மாடியா இருக்கும், கேளுங்க," என்று சண்டைக்குப் போனாள் டேப் அக்கா.

மூன்றாவது வாரம் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் பேச்சு குழறியது. நர்ஸ் அவர் கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பாரு?"

"மூணு பாட்டில். நானே ரொப்பித் தலைமாட்டுல வைக்கிறேன். சாயங்காலம் காலியாத்தான் இருக்கும்."

"உடம்புல தண்ணியே இல்லையேம்மா. மூத்திரம் கெட்டியாகிக் கிருமி ரத்தத்துல ஏறியிருக்கு. தண்ணி குறைஞ்சா வாடைகூடக் கடுமையா அடிச்சிருக்குமே. உங்களுக்குத் தெரியலையா?"

அவளுக்குக் கீழ்வீட்டுப் பெண்ணின் கொடி கண்முன் வந்து நின்றது.

ஐந்தாம் நாள் அவருக்கு நினைவு தெளிந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தவள் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, தண்ணியைக் குடிக்காம ஜன்னல் வழியா கொட்டுனீங்களா?"

அவர் கூரையைப் பார்த்தபடி இருந்தார். "ஒரு வாய் ரெண்டு வாய் குடிச்சேன். நீயும் எத்தனையோ பண்ணிப் பார்த்தே. எனக்குத் தோணினது அது ஒண்ணுதான்."

"நான் விளையாட்டுக்குச் சொன்னதுங்க."

"தெரியும். விளையாட்டுன்னாலும் சரியாத்தானே சொன்னே. அந்த வாரம் மெத்தை காஞ்சிருந்துச்சுன்னு நீ எவ்வளவு சந்தோஷப்பட்டே."

அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிடித்திருப்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை என்பது நினைவுக்கு வந்து, கையைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

பழைய காய்ச்சல்களிலேயே சிறுநீரகம் பாதி போயிருந்ததாம். மிச்சமிருந்ததும் இப்போது போய்விட்டது என்றார் டாக்டர். வாரத்துக்கு மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்றார்கள். உயிர் நிற்கும், அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கொண்டுவரும் முன் நாத்தனார் நின்று எல்லாவற்றையும் மாற்றினாள். பழைய மெத்தையைக் குப்பை வண்டிக்காரர்கள் இரண்டு பேர் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு இறக்கினார்கள். புது மெத்தை வந்தது. டேப் அக்கா நான்கு செட் உறைகளையும் ஒரே மத்தியானத்தில் தைத்து முடித்தாள். ஊசி விரலில் ஏறியதைக்கூட ரத்தக்கறை பார்த்துத்தான் கவனித்தாள். அந்த உறைகள் நனைவதே இல்லை. அவருக்குச் சிறுநீர் ஏறக்குறைய நின்றுபோயிற்று.

இப்போது வாடிக்கைக்காரர்கள் உள்ளே வந்து உட்கார்கிறார்கள். "வீடு எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்கக்கா," என்கிறார்கள். அவள் தலையைக் குனிந்தபடி அளவெடுக்கிறாள்.

ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் ஒரு துளியும் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. குடித்தால் வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் தேங்கிவிடும். காலையில் அரை லிட்டர் அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொள்கிறாள். அதைத் தலைமாட்டில் வைப்பதில்லை. தன் தையல் மேஜையில் வைத்துக்கொண்டு, மருந்துக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று மூடியில் ஊற்றிக் கொடுக்கிறாள். வெயில் காலத்தில் பகல் இரண்டு மணிக்கே பாட்டில் காலியாகிவிடும்.

"இந்தாம்மா, ஒரு வாய்," என்று உள்ளறையிலிருந்து குரல் வரும்.

"இல்லீங்க."

"நாக்கு ஒட்டுது. நனைச்சுக்கறேன், முழுங்க மாட்டேன்."

"இல்லீங்க," என்பாள் மறுபடியும். மெஷினை மிதிப்பாள்.