மீட்ட இளவரசி மீண்டும் சிறையில்

பணி ஓய்வுக்குப் பின், காலையில் பாசுரங்களைச் சேவித்து முடித்ததும் வீடியோ கேம் ஆடுவது என் வழக்கம். கட்டைவிரல் வீங்க ஆடி, அரக்கனிடமிருந்து இளவரசியை மீட்டேன். முந்தைய பாட்டின் முடிவிலேயே அடுத்த பாட்டு தொடங்கும் அந்தாதியைப் போலக் கதை தொடரும் என்று நம்பினேன். அந்த வாரம் திருநீர்மலைப் பெருமாளைச் சேவிக்கப் போவதையும் விட்டு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இரண்டாம் பாகக் கேசட்டை வாங்கினேன். தாம்பரத்தில் வீட்டுக்கு வந்து போட்டால், அதே அரக்கன், அதே சிறை, உள்ளே அதே இளவரசி! நான் பட்ட பாட்டுக்கு மதிப்பே இல்லையா?

“ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தீங்களே, அப்போ யாரைத்தான் காப்பாத்தினீங்க?” என்றாள் மனைவி.

மறுவாரம் சந்தைக்குப் போய்க் கேட்டால் கடைக்காரரோ, “அவ மாட்னாத்தான சார் ஆட்டமே கீது!” என்று சிரித்தார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் முதலில் மலையேறிச் சேவித்துவிடுகிறேன். சந்தைக்குப் போனால், இளவரசி வெளியே இருப்பதைப் போட்டுக் காட்டினால்தான் கேசட் வாங்குவேன் என்கிறேன். இதுவரை எதையும் வாங்க நேரவில்லை.