கல் விழும் என்றாள் மாமி

மாடி வீட்டு சுபாஷிணி மாமிக்கு ஊர் வம்பு பிடிக்காது. வானத்து வம்பு என்றால் உயிர். மத்திய அரசு ஆபீசில் ஃபைல் பார்க்கிற உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமையானால் டில்லியில் எங்கள் சரோஜினி நகர் காலனியின் தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, விஞ்ஞானிகள் புதிதாகக் கண்டுபிடித்ததைக் கதையாகச் சொல்வாள். தமிழில்தான். இந்தி கலந்தால் முறைப்பாள். நிச்சயமில்லாததை நிச்சயம் என்று சொல்லவே மாட்டாள்.

"குழந்தைகள்ட்ட புளுகினா, அப்புறம் நிஜத்தையும் நம்பாதுகள்டி" என்பாள் என்னிடம். எனக்கு இந்தப் பிடிவாதம் எரிச்சலாக இருக்கும். சின்னப் பொய்யால் என்ன குடியா முழுகிவிடும்?

2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, புதிதாகக் கண்ணில் பட்ட விண்கல்லைப் பற்றிச் சொன்னாள். பூமிப் பக்கம் வரப்போகிறது, பெரும்பாலும் விழாது, விழுந்தாலும் விழலாம் என்றாள். என் பெண் ஹம்சாவுக்கு ஆறு வயசு. ராத்திரி சாப்பிடும்போது, "அம்மா, கல் விழுமா?" என்று கேட்டாள்.

"விழுந்தா விழட்டும். நீ சாதத்தை முழுங்கு" என்றேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் பூமி உறுமியது. கட்டில் ஆடியது, ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. பக்கத்தில் கையை நீட்டினேன். ஹம்சா இல்லை. அவள் அப்பா வெளியூர் போயிருந்தார். கூப்பிட்டேன், கத்தினேன். காலனியே கீழே ஓட, மாமி மட்டும் என் குரல் கேட்டு உள்ளே வந்தாள். கட்டிலடியில் இல்லை, பாத்ரூமில் இல்லை. பால்கனிக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மாமிதான் பார்த்தாள். "இல்லைடி, கீழே ஒண்ணுமில்லை" என்றாள்.

கடைசியில் சமையல் மேடைக்கு அடியில், காஸ் சிலிண்டருக்குப் பின்னால் அகப்பட்டாள். தலைமேல் ஸ்கூல் பையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

"வாடி கண்ணா, ஆட்டம் நின்னுடுத்து" என்றேன்.

"நஹீ, வரமாட்டேன். இன்னும் விழலை. மாமி நேத்து சொன்னாளே, கல் விழும்னு. இன்னிக்குத்தானே அந்தக் கல்?"

இந்தியில் கல் என்றால் நாளை. டில்லியில் பிறந்த என் பெண்ணுக்குத் தெரிந்த கல் அதுதான். வானத்திலிருந்து ஏதோ நாளைக்கு விழும் என்று புரிந்துகொண்டிருக்கிறாள். நாளையும் வந்தது, தரையும் ஆடியது.

மாமி தரையில் உட்கார்ந்தாள். "கல்னா பத்தர்டா செல்லம், பாறை. இன்னிக்கு இல்லை."

"அப்போ எப்போ?"

"வந்தா, 2032-ல."

ஹம்சா விரல் விட்டு எண்ணினாள். "அப்போ எனக்குப் பதிமூணு வயசா?" பையை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள்.

மாமி என்னைப் பார்த்தாள். விழுவதற்கு நூற்றில் இரண்டு மூன்று பங்கு வாய்ப்பு உண்டு என்பதுதான் அன்றைய கணக்கு.

"விழாது" என்றாள்.

"பக்கா? நிச்சயமா?"

"பக்கா."

ஹம்சா வெளியே வந்து மாமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

சில நாளில் விஞ்ஞானிகளே பூமிக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். மாமி படியில் ஓடிவந்து ஹம்சாவிடம் சொன்னாள். அவள் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டே, "அதான் நீங்க அன்னிக்கே சொல்லிட்டேளே" என்றாள்.

பூமி ஆடினபோது பயப்படாத மாமி, தான் நிச்சயமில்லாமல் சொன்னதே அவளுக்கு நிஜமாகிவிட்டது தெரிந்து, அப்போது பயந்ததை நான் பார்த்தேன்.