ரோபோவுக்கு டீ பிரேக்

ஒரகடத்தில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் நான் வேலை பார்க்கிறேன். எங்கள் லைனுக்கு வெல்டிங் செய்யும் ரோபோ வந்த புதிதில், ஒருநாள் டீ பிரேக்கில் 'ரோபோ' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று செல்போனில் தேடிப் பார்த்தேன். செக் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதாம். மூலச் சொல்லுக்குக் கட்டாய உழைப்பு என்று பொருள்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வடக்குப்பட்டு ஊர்க்கார வெல்டரிடம், "ரோபோன்னா கொத்தடிமைன்னு அர்த்தம்ண்ணே" என்றேன்.

"கரெக்டாத்தான் பேர் வெச்சிக்கிறான். டீ கெடையாது, ஓ.டி. கெடையாது. இன்னா பொழப்புப்பா அது!" என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அதை யாரிடம் போய்ச் சொன்னாரோ தெரியவில்லை. மறுநாள் எங்கள் லைனில் ஒரு கொத்தடிமை இருப்பதாக எச்.ஆர். அதிகாரிக்குப் புகார் போய்விட்டது. அந்த அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"யாருங்க அது? எங்க அடைச்சு வெச்சிருக்கீங்க?"

நான் கம்பி வேலிக்குள் நின்ற மஞ்சள் நிற இரும்புக் கையைக் காட்டினேன். செல்போனில் இருந்த விளக்கத்தையும் படிக்கக் கொடுத்தேன். சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். அவருக்கோ முகம் வெளுத்துவிட்டது.

"அடுத்த வாரம் வெளிநாட்டுலேர்ந்து, தொழிலாளிங்கள எப்படி நடத்துறோம்னு ஆடிட் பண்ண வராங்க. நமக்கு எதுக்குங்க வம்பு? இதுக்கும் பிரேக் விட்டுடுங்க."

அன்றிலிருந்து டீ நேரத்தில் ரோபோவையும் நிறுத்திவிடுகிறோம். வெல்டருக்கு இப்போதுதான் மனசு ஆறியிருக்கிறது. தன் டீயை எடுத்துக்கொண்டு போய், அதற்குத் துணையாக வேலியோரம் உட்கார்ந்துகொள்கிறார்.